ஆடிக்கு வா, தருகிறேன்!

அக்கினி நட்சத்திரத்தில் புத்தியுள்ளவர்கள் எங்கே போவார்கள்? கொடைக்கானலுக்குப் போவார்கள். உதகமண்டலத்துக்குப் போவார்கள். அதற்குக் கையில் காசில்லாதவர்கள், ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துத் தரையில் ஈரத்துணியை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். நான் ராஜபாளையத்துக்குப் போனேன். அதுவும் எதற்காக? ஒரு துளசிக் கன்றுக்காக!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. "சென்னையில் துளசிக்கா பஞ்சம்? தெருக்கோடியில் தள்ளுவண்டியிலேயே விற்கிறதே!" என்று என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரித்தார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் தேடிப்போன துளசி தள்ளுவண்டியில் கிடைக்காது. அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

35 வருஷங்களுக்கு முன்னால், ஓர் ஆடிப் பூரத்தன்று, என் அம்மாவும் பெரியம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் பார்க்கப் போனார்கள். திரும்பும்போது கோயில் பக்கத்தில் கூடை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் ஆளுக்கொரு துளசிக் கன்று வாங்கினார்கள். ஒன்று ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டு முற்றத்துக்குப் போயிற்று. மற்றொன்று ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. துளசிக்கு ஆயுசு சில வருஷங்கள்தான். ஆனால் அம்மா ஒவ்வொரு தடவையும் பழைய செடி கட்டையாகுமுன் அதன் விதையிலிருந்து புதுக் கன்று எடுத்துவிடுவாள். செடி மாறும், வம்சம் மாறாது.

மூன்று வருஷங்களுக்கு முன் அம்மா காலமானாள். துளசித் தொட்டி என் மொட்டை மாடிக்கு வந்தது. போன வைகாசியில் நாங்கள் பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பி வந்தபோது, தொட்டியில் துடைப்பக் குச்சிகள் நின்றன. விதை எடுத்து வைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றியதை நான் இரண்டே வருஷத்தில் முடித்துவிட்டேன். அந்தத் தொட்டியைக் காலி செய்யக்கூட மனசு வராமல் ஒரு வருஷம் அப்படியே விட்டிருந்தேன்.

அப்புறம்தான் பெரியம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். "உங்க துளசியிலே கன்று இருக்கா, பெரியம்மா?"

"நிறைய இருக்கு. வந்து பாரு" என்றாள்.

"வந்து பாரு" என்றாளே தவிர, "எடுத்துக்கோ" என்று சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்!

மலை இருந்தும் மழை இல்லை

எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், காலையில் விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வரிசையாகக் கண் விழிக்கலாம். வழியெல்லாம் கரிசல் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவர் மாதிரி கூடவே வருகிறது. மலையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இவ்வளவு பெரிய மலை இருக்கும்போது மழைக்கென்ன குறை?

அங்கேதான் ஏமாந்து போகிறோம். தென்மேற்குப் பருவமழை கொண்டுவரும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் காற்றுதான் வருகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான். அதற்கப்புறம் தை, மாசி, பங்குனி, சித்திரை என்று வானம் கையை விரித்துவிட்டால், வைகாசியில் கிணறு அடிமண்ணைக் காட்டும். அந்த வைகாசியில்தான், மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், நான் போய் இறங்கினேன்.

ராஜபாளையத்துக்குப் பல பெருமைகள் உண்டு. 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற வெள்ளை வேட்டை நாய் இந்த ஊர் நாய்தான். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தமது வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். பஞ்சாலைகள் உண்டு. பக்கத்துச் சத்திரப்பட்டியில், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிறார்கள். மலையடிவாரம் முழுக்க மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள். நான் போன சமயம் சப்பட்டை மாம்பழ காலம். தெரு முனையிலெல்லாம் கூடை கூடையாக வாசனை!

ஆனால் என் கண் மாம்பழத்தில் இல்லை. பெரியம்மா வீட்டு முற்றத்துக்கு நேராக ஓடினேன்.

தூங்குகிற தோட்டம்

பெரியம்மாவின் தோட்டம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பச்சைப் பசேலென்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். போய்ப் பார்த்தால், என்ன இது! தரை முழுவதும் காய்ந்த சருகு. தொட்டிகளுக்கு மேலே கீற்றுப் பந்தல். வாழையில் காய்ந்த சருகைக்கூட அறுக்காமல் தொங்கவிட்டிருக்கிறாள். ரோஜாவில் ஒரு பூ இல்லை. மொத்தத் தோட்டமும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது போலிருந்தது. மல்லிகை மட்டும் மொட்டும் முகையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றது.

முற்றத்து மூலையில் கருந்துளசி. இலை சிறுத்துத்தான் இருந்தது. ஆனாலும் உயிரோட்டம் தெரிந்தது. அதன் காலடியில் சருகை விலக்கிப் பார்த்தால், விரல் உயரத்தில் ஏழெட்டுக் கன்றுகள்! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த சின்னக் கொத்தை எடுத்தேன்.

"தொடாதே!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு, பெரியம்மா."

"ஒண்ணும் கிடையாது. ஆடிக்கு வா, தர்றேன்."

இதற்காகவா நான் 500 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்தேன்? எனக்குக் கோபமே வந்துவிட்டது. பெரியம்மா அசையவில்லை. மோர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏம்மா, கன்றைப் பிடுங்கினா முதல்ல அறுபடுறது என்ன? கண்ணுக்குத் தெரியாத நுனி வேர். தண்ணியை உறிஞ்சுறதே அதுதான். வேர் அறுந்துபோச்சு, ஆனா இலை சும்மா இருக்குமா? இந்த வெயில்ல அது பாட்டுக்குத் தண்ணியை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். வரவு நின்னுபோச்சு, செலவு நிக்கலே. குடித்தனம் எத்தனை நாள் தாங்கும்? பிள்ளை பெத்தவளை அன்னிக்கே வண்டியிலே ஏத்தி அனுப்புற மாதிரிதான் இது. ஆடியிலே காத்து அடிக்கும், வெயில் கொஞ்சம் தணியும். அப்போ எடுத்தாப் பிழைச்சுக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்குத் திரும்ப டிக்கெட் நாலு நாள் கழித்துத்தான். அந்த நாலு நாளும் பெரியம்மா என்னை வேலை வாங்கினாள். அந்த வேலைகளைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நீங்கள் சென்னையில் இருந்தாலும் சரி, திருச்சியில் இருந்தாலும் சரி, வைகாசி எல்லோருக்கும் ஒன்றுதானே!

விடிவதற்கு முன்னால்

பெரியம்மாவின் நாள் காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. முதல் வேலை தண்ணீர். தண்ணீரைப் பகலில் ஊற்றினால் பாதி ஆவியாகிவிடும். அதோடு, வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது தண்ணீர் அல்ல, வெந்நீர்! அதைச் செடியின் காலில் ஊற்றிவிட்டு, "தண்ணீர் விட்டேனே, ஏன் வாடியது?" என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தண்ணீர் விடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண்தான் நனையும். வேரும் தண்ணீரைத் தேடி மேலேயே வரும். மேலே வந்தால் வெயிலில் வேகும். தரையில் உள்ள செடிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், நன்றாக ஊறும்படி விட வேண்டும். அப்போது வேர் கீழே இறங்கும். தொட்டிச் செடிக்கு மட்டும் தினமும் வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் விட்டுவிடலாம்.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாம் பெரியம்மா வீட்டில் ஒரு வாளிக்குப் போகின்றன. அவை துளசிக்கும் மல்லிகைக்கும். குளியலறைத் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் வாய்க்கால் வெட்டி விட்டிருக்கிறது. சோப்புத் தூள் கரைத்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றவே விடமாட்டாள்.

இரண்டாவது வேலை போர்வை. சருகு, வைக்கோல், தேங்காய் நார், எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குல உயரம் மண்ணை மூடிவிட வேண்டும். விவசாயிகள் இதை மூடாக்கு என்கிறார்கள். மண் சூடாகாது; ஈரம் ஓடாது; களையும் முளைக்காது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை: தண்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். தண்டோடு ஒட்டினால் அழுகும், கறையானும் ஏறும். நான் முதல் நாள் குப்பை என்று நினைத்துப் பெருக்கப் போன சருகு அத்தனையும் இந்த மூடாக்குத்தான்! பெரியம்மா பார்த்திருக்காவிட்டால் அன்றைக்குத் தோட்டத்தையே தொலைத்திருப்பேன்.

மூன்றாவது, பானை. மெருகில்லாத சாதாரண மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுகிறாள். பானையின் சுவரில் தண்ணீர் கசிந்து, வேருக்கு வேண்டிய அளவு மட்டும் போகிறது. சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைகிறது, காய்ந்தால் கூடுகிறது. எந்த இயந்திரத்துக்கு இந்தப் புத்தி உண்டு? சீன தேசத்தில் சுமார் 2000 வருஷங்களுக்கு முன் எழுதிய வேளாண்மை நூல் ஒன்றிலேயே இந்த உபாயம் இருக்கிறதாம். பெரியம்மா அந்த நூலைப் படித்தவள் அல்ல. விளிம்பு உடைந்த பானையை எறிய மனசில்லாமல் தொடங்கியதாகச் சொன்னாள்!

செய்யக் கூடாதவை

வைகாசியில் செய்ய வேண்டிய வேலையை விடச் செய்யக் கூடாத வேலைதான் அதிகம். கிளைகளைக் கழிக்கக் கூடாது. காய்ந்த இலைகூட அடுத்த இலைக்கு நிழல். மல்லிகையைக் கவாத்து செய்வது கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோதான்; இப்போது அது பூக்கிற காலம், பறித்துக்கொண்டே இருந்தால் போதும். தொட்டி மாற்றக் கூடாது. துளசியில் மட்டும் பூங்கதிர் வர வரக் கிள்ள வேண்டும். விடாமல் விதைக்க விட்டால் செடி சீக்கிரம் முதிர்ந்துவிடும். விதைக்கென்று ஒன்றிரண்டு கதிரை விட்டால் போதும்.

இரண்டாம் நாள் இரவு மொட்டை மாடியில் படுத்திருந்தோம். "போன வருஷம் போறதுக்கு முன்னாடி உன் செடிக்கு என்ன பண்ணினே? மறைக்காமச் சொல்லு" என்றாள் பெரியம்மா.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பத்து நாள் இருக்கமாட்டோமே என்று ஆசை ஆசையாக எல்லாம் செய்துவிட்டுத்தான் போனேன். பெரிய தொட்டி வாங்கி மாற்றினேன். கடையில் விற்கிற உரம் ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடியாகப் போட்டேன். நிறைய வெயில் படட்டும் என்று நடு மாடிக்கு இழுத்து வைத்தேன். தினமும் தண்ணீர் விடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டும் போனேன். அவர்களும் பாவம், தவறாமல் விட்டிருக்கிறார்கள்.

பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. "நீ கவனிக்காமக் கொல்லலேம்மா. கவனிச்சுக் கொன்னுட்டே" என்றாள்.

உரம் என்பது உப்புத்தானே? மண் வறண்டிருக்கும்போது உப்பு அதிகமானால், வேருக்குள் இருக்கிற தண்ணீரையே அது வெளியே இழுத்துவிடும். தொட்டி மாற்றியதில் அறுந்த வேர், அதற்கு மேல் உரம், அதற்கு மேல் வெயில்! வெயிலில் செடி வளருவதில்லை, தாக்குப்பிடிக்கிறது. அந்தச் சமயத்தில், "சாப்பிடு, வளரு" என்று தொந்தரவு செய்தால் செத்துப்போகும். அதைக் காவல் காத்தால் போதும்.

ஒரு வருஷமாக என் நெஞ்சில் இருந்தது, நான் அம்மாவின் செடியை அலட்சியம் செய்துவிட்டேன் என்ற உறுத்தல். அன்றைக்கு அது கொஞ்சம் இறங்கியது. ஆனால் வேறொரு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. 'எப்போது எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்' என்று அம்மாவிடம் ஒரு நாளாவது கேட்டேனா?

மரம் மறக்காது

மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் உறவினர் தோப்புக்குப் போனோம். ஐயனார் கோயில் போகிற வழி. ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்தப் பக்கம்தான். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர், ஒவ்வொரு தென்னையைச் சுற்றியும் ஆறடி தூரத்துக்கு உரிமட்டைகளைக் கவிழ்த்து, முதுகு மேலே தெரிய அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு மரத்துக்கு எத்தனை, ஐயா?"

"நூறு மட்டை வேணும் தாயி. தண்ணி பாய்ச்சினா மட்டைக்கு அடியிலே ஈரம் நிக்கும்."

"இவ்வளவு சிரமமா? மழை வந்தால் மரம் தானே தேறிவிடாதா?"

பெரியவர் சிரித்தார். "மனுசன் மறந்துருவான் தாயி. தென்னை மறக்காது. இந்தக் கோடையிலே காய விட்டா, அடுத்த ரெண்டு வருசம் காய்ப்பிலே காட்டும்."

அவர் சொன்னது வாஸ்தவம். தென்னையில் பாளை வெளியே தெரிவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் முன்பாகவே குருத்துக்குள் அது உருவாகத் தொடங்கிவிடுகிறது. இன்றைக்குப் பட்ட தாகம் அதன் கணக்கில் பதிந்துவிடுகிறது.

தோப்பின் ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி சதுரமாக, மூன்றடி ஆழத்தில் குழிகள் வெட்டிப் போட்டிருந்தார்கள். இப்போது நட அல்ல; சும்மா வெயிலில் காய்வதற்கு. மண்ணில் உள்ள பூச்சியும் புழுவும் வெயிலில் சாகும். மழை கண்ட பிறகு மேல்மண்ணும் தொழு உரமும் போட்டு மூடிக் கன்று வைப்பார்கள். கோடை உழவும் இதற்குத்தான். உழுது புரட்டிய மண்ணில் புழுக்களைப் பொறுக்கக் கொக்கும் மைனாவும் வரும். அடுத்த மழையும் வழிந்து ஓடாமல் உள்ளே இறங்கும். வற்றிய கண்மாயிலிருந்து டிராக்டரில் கரம்பை மண் போய்க்கொண்டிருந்தது. வயலுக்கு அதைவிட நல்ல உரமில்லை. கண்மாயும் ஆழமாகும். 2017-ல் விவசாயிகள் இந்த வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசாங்கம் வழி செய்தது. தண்ணீர் இல்லாத கண்மாயிலும் ஒரு விளைச்சல் இருக்கிறது, பார்த்தீர்களா!

மலைப்பக்கம் காட்டி, "அந்தக் காட்டிலே பெரிய அணில் இருக்கு தாயி, சாம்பல் நிறத்திலே" என்றார் பெரியவர். அதற்காகவே 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. அணிலும் என் கண்ணில் படவில்லை, புலியும் படவில்லை. புலி படாததில் எனக்கு வருத்தமில்லை!

நந்தவனத்தில் நின்றபோது

நாலாம் நாள் அதிகாலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சுமார் 11 கிலோமீட்டர்தான். பதினொரு நிலை, 192 அடி உயரம் என்று சொல்லப்படும் அந்த ராஜகோபுரம் தொலைவிலிருந்தே நம்மை வரவேற்கிறது. வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவே நந்தவனம். பெரியாழ்வார் பாடுபட்டு வளர்த்த இடம் இதுதான் என்பது ஐதிகம். துளசிச் செடியின் அடியில் குழந்தையாக ஆண்டாள் கிடைத்த இடத்தில் ஒரு சந்நிதி இருக்கிறது.

ஆண்டாளின் இடக்கையில் ஒரு கிளி உண்டு. பொன்னும் வெள்ளியுமல்ல. மாதுளம் பூ மூக்கு; மரவள்ளி இலை உடம்பு; காக்காப்பொன் கண். தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். இன்றைய கிளி நாளைக்கு இல்லை. அவள் சூடிக் களைந்த மாலை, சித்திரையில் மதுரைக்குக் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கு வேங்கடவனுக்கும் போகிறது. ஐப்பசி மழையானாலும் அக்கினி நட்சத்திரமானாலும், "இன்றைக்கு இலை இல்லை, பூ இல்லை" என்று அந்தச் சந்நிதியில் சொல்ல முடியுமா? எங்கேயோ சில தோட்டங்களில், விடிவதற்கு முன் எழுந்து, யாரோ சிலர் செடியைக் காவல் காக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஆண்டாள் கிடைத்தது ஆடி மாதம், பூர நட்சத்திரத்தில். அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆடிக்கு முன்னால் என்ன மாதம்? ஆனி. அதற்கு முன் வைகாசி. அதற்கு முன் சித்திரை. ஆடிப் பூரத்தில் அந்தத் துளசி பச்சையாக இருக்க வேண்டுமென்றால், வைகாசி வெயிலில் அதைப் பெரியாழ்வார் காப்பாற்றியிருக்க வேண்டுமே! குழந்தை கிடைத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முந்தின வைகாசியில் எத்தனை குடம் தண்ணீர் சுமந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். "இப்பவாவது புரிஞ்சுதே!" என்றாள். அவ்வளவுதான். கோயில் பக்கத்துக் கடையில் பால்கோவா வாங்கிக்கொண்டோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா! ஊர் வந்து சேருவதற்குள் பாதிப் பொட்டலம் காலி. அதில் என் பங்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு

பெரியம்மாவிடம் கற்றதில் மாடித் தோட்டத்துக்கு ஆகிறவற்றைத் தனியே சொல்லிவிடுகிறேன். தொட்டியையும் பையையும் நேரே சிமெண்டுத் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செடிகளைத் தனித்தனியே நிறுத்தாமல் நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். ஒன்றின் நிழலில் மற்றொன்று குளிரும். கறுப்புப் பைகள் வெயிலை விழுங்கும். சுற்றிலும் நனைத்த சாக்கைக் கட்டிவிடுங்கள். மேற்கு வெயில் படாமல் ஒரு பழைய வேட்டியைக் கட்டினால்கூடப் போதும். ஊருக்குப் போவதானால் எல்லாத் தொட்டிகளையும் நிழலுக்கு நகர்த்தி, மூடாக்குப் போட்டு, பானையை நிரப்பி, பக்கத்து வீட்டாரிடம் காலையில் மட்டும் தண்ணீர் விடச் சொல்லுங்கள். உரத்தைத் தொடாதீர்கள். குருவிக்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

கை சும்மா இருக்கவில்லையா? விதை சேர்க்கலாம். அவரை, புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் ஆடிப் பட்டத்துக்கு வேண்டியவை. பெரியம்மா நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் அடைத்து வைத்திருக்கிறாள். காய்கறிக் கழிவையும் சருகையும் ஒரு தொட்டியில் மாற்றி மாற்றிப் போட்டு ஈரம் தெளித்து வந்தால், இரண்டு மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும்.

வெறும் தொட்டி

கிளம்புகிற அன்று மாலை, பெரியம்மா வாசல் வரை வந்தாள். கன்றைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். காய்ந்த துளசிக் கதிர்கள்.

"ஆடிக்கு வந்தாக் கன்று தர்றேன்னு சொன்னீங்களே, பெரியம்மா. பிறகு இது எதுக்கு?"

"கன்று நீ வர்றதுக்கு. விதை, நான் இல்லாமப் போயிட்டா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போன பிறகு இந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ராஜபாளையம் போகவில்லை என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பெரியம்மாவும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "ஆடிக்கு வா" என்று மட்டும்தான் சொன்னாள்.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் தொட்டியைக் காலி செய்தேன். மண் கல்லாக இறுகியிருந்தது. உதிர்த்து, பழைய உரத்தின் உப்புப் போக நாலைந்து தடவை தண்ணீர் விட்டு வடித்து, எருக் கலந்து மறுபடி நிரப்பினேன். நடுவில் ஒரு சின்ன மண்பானையைப் புதைத்தேன். மேலே சருகு போர்த்தினேன். நிழலில், இரண்டு செங்கல் மேல் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதில் கொஞ்சம் தண்ணீர் விடுகிறேன்.

"செடியே இல்லை. வெறும் தொட்டிக்கா தண்ணீர் ஊற்றுகிறாய்?" என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர்.

கேட்டால் கேட்கட்டும். ஆடிப் பூரத்துக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. வருகிறவளுக்கு இடம் தயாராக இருக்க வேண்டாமா?